அச்சங்குளத்தில் அம்மன் என் கையைப் பிடித்தாள்

என் கைக்குக் கீழே ஒரு தாய் செத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மனை நம்பியிருக்கும் அன்பர்களே, அந்த மத்தியானத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம், புரட்டாசி மாதம். மதுரையில் டாக்டர் படிப்பு முடித்து, ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் இருந்தேன். எங்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். எனக்கு வாய்த்தது சாத்தூர் பக்கம் அச்சங்குளத்து ஆரம்ப சுகாதார நிலையம். எங்களுடையது விருதுநகரில் மொத்த வியாபாரக் குடும்பம். பயிற்சி முடிந்ததும் சென்னையில் சொந்தமாக வைத்தியசாலை வைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். நானும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று பெரிய டாக்டர் ஜீப்பில் அம்மைத் தடுப்பூசி போட வேறு ஊருக்குப் போயிருந்தார். நானும் நர்ஸ் ராஜம்மாளும் மட்டும் இருந்தோம். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் சங்கரனின் மனைவி முத்துலட்சுமிக்கு எங்களிடம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பை இறுகாமல் தொளதொளவென்று கிடந்தது. அதை இறுக்க இருந்த ஊசியைப் போட்டோம். பலனில்லை.

அவள் உதடு வெளுத்தது. மாமியார் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரம்மா, எங்க பிள்ளையக் காப்பாத்திருவீகல்ல? வாயைத் தொறந்து சொல்லுங்க தாயி!"

இப்படி நேர்ந்தால் ஒரு கையை உள்ளே வைத்து, மறு கையால் அடிவயிற்றை அழுத்தி, கர்ப்பப்பையை நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். படித்திருக்கிறேன். ஒருமுறை பார்த்திருக்கிறேன். செய்ததில்லை. கை நடுங்கியது. "மாரியாத்தா, எனக்குத் தெரியல. நீ என் கையில வந்து நில்லு" என்று வாய்விட்டே அழுதேன். அப்படியே கையை வைத்து அழுத்தினேன். இரத்தம் குறைந்தது. ஆனால் கையைத் தளர்த்தினால் மறுபடி பெருகியது. சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. "தாயே, ஒரு வழி காட்டு" என்றேன்.

வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. அந்தத் தெருவுக்கு லாரியே வராது. முதல் நாள் மழையில் மெயின் ரோட்டுப் பாலம் உடைந்ததால் ஊருக்குள் சுற்றி வந்த பட்டாசு லாரி அது. சங்கரன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தீவாளி ஆர்டருங்கம்மா, பூராவும் வெடி லோடு. இதுக்கு மேல ஆளை ஏத்த முடியாது."

முத்துலட்சுமி பக்கம் மறுபடி திரும்பினார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார்: "என்னலே பாத்துக்கிட்டு நிக்கீக? எறக்குங்கலே! மொதலாளிட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஊரே ஓடிவந்தது. ஆணும் பெண்ணுமாகப் பெட்டிகளை இறக்கிச் சாவடியில் அடுக்கினார்கள். மெத்தை விரித்து அவளை ஏற்றினார்கள். நான் கையை எடுக்காமல் கூடவே ஏறி மண்டியிட்டேன். ராஜம்மாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். லாரியின் ஒவ்வொரு குலுக்கலிலும் "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டேன். விரல் மரத்துப்போனது.

சாத்தூரை நெருங்கி, படந்தால் ஊரைத் தாண்டும்போது அது நடந்தது. என் கைக்குள் கர்ப்பப்பை மெல்ல மெல்லக் கெட்டியானது. தேங்காய் போல இறுகியது. நான் நம்பாமல் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். இரத்தம் வரவில்லை. முத்துலட்சுமி கண்ணைத் திறந்து, "பிள்ளை எங்கன இருக்கு?" என்றாள். நான் லாரியிலேயே விம்மி அழுதேன்.

சாத்தூரில் இரத்தம் ஏற்றினார்கள். சங்கரனின் தம்பி கொடுத்தான். அவள் பிழைத்தாள்.

ஊசி தாமதமாக வேலை செய்தது என்று என்னோடு படித்தவர்கள் சொன்னார்கள். இருக்கட்டும். அதுவரை என் கையை விடாமல் நிறுத்தியது யார்? லாரியை அந்தத் தெருவுக்குத் திருப்பியது யார்? எனக்கு அதில் சந்தேகமில்லை.

நான் சென்னைக்குப் போகவில்லை. அப்பாவுக்கு வருத்தம்தான். பிறகு அவரே வந்து எனக்கு இங்கே வீடு பார்த்துக் கொடுத்தார். ஏழாயிரம்பண்ணை, அச்சங்குளம் என்று பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போகிறேன். அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

உங்களுக்கும் கை நடுங்கும் நேரம் வரும். வெட்கப்படாமல் அம்மனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அவள் வருவாள்.