இருபத்தாறு கிலோ

நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஒரு பைக் எஞ்சினுக்கு நான் எடைக்கல்லாக இருந்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மாமா அந்த வருஷம் மண் ரேஸ் பைத்தியம் பிடித்து அலைந்தார். சிதம்பரத்தில் ஒரு லேத்துக்காரரிடம் தன் பைக்குக்குப் புதிய கேம்ஷாஃப்ட் செய்து வாங்கினார். வால்வை முன்பைவிட உயரமாகத் திறக்கும், எஞ்சின் நன்றாக மூச்சிழுக்கும் என்றார்கள். ஆனால் முழு வேகத்தில் முறுக்கினால் வண்டி விக்கிவிக்கி அடங்கியது. மாமா கார்புரேட்டரைத் திட்டினார். அவருடைய தங்கை, என் சித்தி, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்தவள், வால்வைத் திரும்ப மூடும் ஸ்பிரிங்கைக் காட்டினாள்.

"கேமு வேகமா தள்ளிவுடுது. பழைய ஸ்பிரிங்குக்கு தெம்பு இல்ல. வால்வு மூடறதுக்குள்ள அடுத்த தள்ளு வந்துடுது."

"சரி, நீயே பாரு. இந்தத் தடவையும் நின்னுச்சின்னா வண்டிய சிதம்பரத்து லேத்துக்காரருகிட்டயே குடுத்துடுவேன். அப்பறம் நீ ஸ்பேனர தொடக்கூடாது" என்றார் மாமா.

சித்தியின் முகம் சிறுத்துப்போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே வேலை அந்த எஞ்சின்தான்.

பழைய பார்ட்ஸ் கடையில் மூன்று ஜோடி ஸ்பிரிங் வாங்கி வந்தாள். எதற்கு எவ்வளவு பலம் என்று பார்க்கக் கருவி கிடையாது. அரிசி மூட்டை வைத்தால் சரிந்தது. கடைசியில் என்னைப் பக்கத்து முந்திரி குடோனுக்குக் கூட்டிப்போய் முள் தராசில் ஏற்றினாள். இருபத்தாறு கிலோ. அவளுக்கு வேண்டிய எடை அதுதானாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுப் பின்கட்டில், பலகையில் நட்ட போல்ட்டில் ஸ்பிரிங்கைச் செருகி, மேலே ஒரு தகட்டை வைத்து, போல்ட்டில் பென்சிலால் கோடு போட்டாள். நான் ஏறினால் தகடு சரியாக அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். கீழே போனால் ஸ்பிரிங் சோப்ளாங்கி. மேலேயே நின்றால் முரடு, கேமைத் தேய்த்துவிடும்.

"கை எங்கயும் வெக்காத" என்றாள்.

ஏறினேன். ஆடியது. சித்தி குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கிரீஸ் கையைப் பக்கத்துச் சுவரில் ஊன்றிக்கொண்டேன். மூன்று முறையும் அப்படித்தான். முதல் ஜோடி அமுங்கியது, இரண்டாவது கோட்டில் நின்றது, மூன்றாவது மேலேயே நின்றது. இரண்டாவதை எஞ்சினில் பூட்டினாள். நான் கிரீஸ் கையை டவுசரில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மறுபடியும் குடோனுக்குக் கூப்பிட்டாள். "பயமா இருந்தா செவுத்த புடிச்சிக்கோ" என்றாள். நேற்று வேண்டாம் என்றவள் இன்று சிரித்துக்கொண்டே சொன்னதும், நிம்மதியாக நேற்றுபோலவே பிடித்துக்கொண்டேன். முள் இருபத்திரண்டில் நின்றது. நான் ஓர் இரவில் இளைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவள் பூட்டிய ஜோடியைக் கழற்றிவிட்டு, முரடு என்று ஒதுக்கிய மூன்றாவதைப் போட்டாள்.

சிதம்பரத்துக்கு வெளியே, அறுப்பு முடிந்த வயலில் ரேஸ். வண்டி வழக்கமாக விக்கும் வேகம் வந்தபோது சித்தி என் தோளை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். சத்தம் அறுபடவில்லை. ஏறியது, இன்னும் ஏறியது, காலடியில் வரப்பு அதிர்ந்தது. ஒரு பிடி கம்பிச் சுருள் இவ்வளவு பெரிய சத்தத்தைத் தாங்குமா என்று வாய் பிளந்து நின்றேன்.

"தாண்டிடுச்சி" என்றாள் சித்தி, மெதுவாக.

மாமா இரண்டாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியவர் நேராகச் சித்தியிடம் வந்து, "இனிமே இத வேற யாரும் தொட வேணாம்" என்றார். என் இருபத்தாறு கிலோவால்தான் வண்டி ஓடியது என்று நான் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சித்தி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

பின்கட்டுச் சுவரில் என் ஐந்து விரல் கிரீஸ் தடம் வெகுநாள் இருந்தது. அதன் பக்கத்தில் சித்தியின் கையெழுத்தில், பென்சிலால், இருபத்தாறில் இருபத்திரண்டு போனால் நான்கு என்று ஒரு கழித்தல் கணக்கு. பாலிடெக்னிக் முடித்தவள் இவ்வளவு சின்னக் கணக்கை ஏன் எழுதிப் பார்த்தாள் என்று அதைக் கடக்கும்போதெல்லாம் சிரித்துக்கொள்வேன்.