முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் ஆட்கள் அங்கே மண் சுமக்கப் போனார்கள். நானும் அப்படித்தான் போனேன். பிறகு இரும்பு கடைகிற ஒரு லேத்துப் பட்டறையில் சீவல் கூட்டினேன். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டேன். முப்பத்தைந்து வயதுக்குள் எனக்கென்று ஒரு பட்டறை, இரண்டு லேத்து, ஒரு உலை, ஆறு ஆட்கள். கொரட்டூரில் ஓட்டு வீடு. அதன் பின்னால் இருக்கும் கிணறு நானே இறங்கி வெட்டியது. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் வந்ததும் நான் ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்ததால்தான். அயனம்பாக்கத்தில் அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் இத்தனையும் செய்தவன் வேறு யாரும் இல்லை. யாராவது இருந்தால் காட்டட்டும்.

இத்தனையும் இரண்டு காலில் நின்று செய்தது. அதில் ஒரு கால் போக இருந்தது. அது எப்படித் தங்கியது என்பதை, பீடியை விட முடியாமல் திணறுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வந்தது வலி. காலையில் வீட்டிலிருந்து கொரட்டூர் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வலது கெண்டைக்கால் நாய் கவ்வியதுபோலப் பிடிக்கும். நின்று ஒரு பீடி பற்றவைப்பேன். அது முடிவதற்குள் வலி போய்விடும். பீடியால்தான் போகிறது என்று ஒரு வருடம் நம்பினேன். நின்றதால் போயிற்று என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் இப்போது அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு வலது கால் சுண்டுவிரலில் ஒரு சீவல் குத்தியது. சின்னக் காயம். அது ஆறவில்லை. என் மனைவி கன்னியம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள். ஒரு மாதத்தில் விரல் கறுத்தது.

"காலு ஐஸ் மாரி கீது. ஊட்ல குந்திகினு நான் அரைச்சிகினே இருக்கட்டா, ஆஸ்பத்திரிக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

போனோம். பெரிய ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்தோம். டாக்டர் என் புறங்காலில் இரண்டு விரலை வைத்து எதையோ தேடினார். இடது காலிலும் வைத்துப் பார்த்தார். மறுபடி வலது காலுக்கு வந்தார். நாடி இருக்க வேண்டிய இடத்தில் நாடி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

"ரெண்டு கட்டு சார். உலை வேலை இருந்தா மூணு."

வந்த நோய்க்கு டாக்டர் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயரைச் சொன்னார். அது என் வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான்: புகையிலையால் கால் ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கின்றன. விரலில் வந்திருப்பது கேங்கிரீன் (ரத்தம் போகாமல் சதை செத்துப்போவது). அந்த விரலை எடுத்தார்கள்.

கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர் சொன்னார்: "மருந்து தர்றேன். ஆனா விரலோட நிக்கணும்னா பீடி கூடாது. கொறைக்கறேன்ங்கற பேச்சே வேணாம். ஒண்ணு குடிச்சாலும் குடிச்சதுதான்."

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. பட்டறைக்குத் திரும்பப் போன முதல் நாளே கையிலிருந்த பீடிக்கட்டை உலையில் போட்டேன். ஆட்கள் ஆறு பேரும் பார்த்தார்கள்.

முதல் வாரம் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். கை தானாகக் காதுக்குப் போகும். பீடியைச் செருகி வைக்கும் இடம் அது. கோபம் வரும். சோற்றில் உப்புக் குறைவு என்று தட்டைத் தள்ளிவிட்டேன்; உப்புச் சரியாகத்தான் இருந்தது. இருமல் குறையும் என்று நினைத்தால் கூடியது, சளி சளியாக வந்தது. நுரையீரல் இத்தனை நாள் சேர்ந்த குப்பையைக் கூட்டித் தள்ளுகிறது என்றார் டாக்டர். காலையில் ஏரிப் பக்கம் போனால் பீடி இல்லாமல் வயிறு இளகவில்லை. பதினைந்து நாள் அந்த அவஸ்தை. வெந்நீரும் வாழைப்பழமும்தான் வழிக்குக் கொண்டுவந்தன. வெட்கப்பட்டு இதை யாரிடமும் கேட்காமல் பீடிக்குத் திரும்பியவர்கள் உண்டு. இது எல்லோருக்கும் வருவதுதான்.

நடுவில் மூக்குப்பொடி போட்டுப் பார்த்தேன். புகை இல்லையே என்று என் கணக்கு. அதிலும் நிகோடின் (ரத்தக்குழாயைச் சுருக்குகிற புகையிலைச் சரக்கு) இருக்கிறது என்று டாக்டர் டப்பியைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு கிராம்பும் கற்கண்டும்.

இவ்வளவையும் தாண்டிவிட்டேன். நான் விழுந்தது என் சொந்த உலையில்.

எங்கள் பட்டறையில் பெரிய தொழிற்சாலைகளுக்கு இரும்பு பின் (இயந்திரப் பாகங்களை இணைக்கும் முளை) செய்துகொடுத்தோம். பின்னை உலையில் வைத்துச் செந்நிறம் ஏறியதும் இரண்டு பீடி நேரம் விட்டு, எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். அரத்தால் இழுத்தால் வழுக்க வேண்டும், பிடிக்கக் கூடாது. இரண்டு பீடி நேரம் என்பது நானே கண்டுபிடித்த அளவு. பட்டறையில் கடிகாரம் கிடையாது; என் வாயில் இருந்ததுதான் கடிகாரம். பீடி போனதும் நேரமும் போயிற்று. ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரிந்தது. அவசரப்பட்டு எடுத்தேன். எல்லாப் பின்னிலும் அரம் பிடித்தது. மூட்டையோடு திரும்பி வந்தது.

உலையில் எனக்கு உதவி என் மச்சான் ஏழுமலை, கன்னியம்மாவின் தம்பி.

"மாமே, உலைக்கு மட்டும் ஒண்ணு பத்த வையேன். காலு இன்னா, பாத்துகினா கீது?"

"நான் குடிக்க மாட்டேன். நீ குடி. நான் பாத்துகினு எடுக்கறேன்."

"பீடி குடிக்கறதே உத்தியோகமா? இந்த மாரி மொதலாளி எந்த ஊர்ல கெடைப்பான்!"

இப்படியாக என் மச்சானைக் கடிகாரமாக வைத்தேன். இந்தத் தப்பை வேறு எவனும் செய்திருக்க மாட்டான். அவன் கதை பேசிக்கொண்டே பஸ் பஸ்ஸென்று இழுப்பான். என் பீடியில் பாதி நேரம்கூட அவன் பீடி தாங்காது. பின்கள் மறுபடியும் கெட்டிப்படவில்லை.

"மெதுவா இழுடா."

"பீடி இன்னா காப்பியா மாமே, ஆத்தி ஆத்திக் குடிக்க? வுட்டா அணைஞ்சிப் பூடும்."

"அணையாம மெதுவா இழுக்கலாம்டா. கொண்டா, நான் காட்டறேன்."

காட்டினேன். தொழில் தெரிந்தவன் என்கிற திமிர்தான் என் கையை நீட்ட வைத்தது. ஒன்று முடிந்தது. அளவு இரண்டு ஆயிற்றே என்று இரண்டாவதையும் பற்றவைத்தேன். அன்று எடுத்த பின்னில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்கள் கைதட்டினார்கள்.

உலைக்கு மட்டும், வேலைக்காக மட்டும் என்று ஒன்பது நாள் குடித்தேன். வீட்டில் சொல்லவில்லை. பத்தாம் நாள் விரல் எடுத்த இடத்தில் தையல் பிரிந்து நீர் வடிந்தது. பக்கத்து விரல் நீலமாக இருந்தது.

டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இப்ப எத்தனை?"

"உலைக்கு மட்டும் சார். தொழில் கெட்டுப்போவுது."

பக்கத்தில் நின்ற கன்னியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே, காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"அடுத்த தடவை இங்க."

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லேத்துக்காரனுக்குக் கோடு என்றால் என்ன என்று தெரியும். இரும்பில் கோடு போடுகிற வரைதான் யோசனை. போட்டபின் பேச்சு இல்லை; அந்த இடத்தில் அறுப்போம். இருபது வருடம் நான் போட்ட கோட்டை இப்போது என் மேல் ஒருவர் போட்டிருக்கிறார். ரயிலில் வேட்டியை மடக்கி அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கன்னியம்மா ஜன்னல் பக்கமே பார்த்தாள்.

வியர்வையில் கோடு மூன்று நாளில் மங்கியது. பட்டறையில் குறி போடும் ஊதா பென்சிலை எச்சில் தொட்டு நானே மறுபடி போட்டேன். பிறகு தினமும் குளித்ததும் அதுதான் முதல் வேலை.

"அழிச்சித் தொலையேன்யா. என்னால பாக்கவே முடியல" என்றாள் அவள்.

"முடியாம போவட்டும். நான் பாக்கணும்."

பட்டறையில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏழுமலை, "உத்தியோகம் பூட்ச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்ப் பிடித்தான். ஒரு டைம்பீஸ் வாங்கி உலைக்கு எதிரே வைத்தேன். நான்கு தடவை பின்களை உலையில் வைத்துப் பார்த்ததில் என்னுடைய இரண்டு பீடி பதினோரு நிமிடம் என்று தெரிந்தது.

அந்த டைம்பீஸில் இன்னொன்றும் பார்த்தேன். பீடி வேண்டும் என்று உடம்பு கேட்கும்போது முள்ளைக் கவனித்தேன். அந்த ஆசை ஏறி, உச்சிக்குப் போய், இறங்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. நாள் முழுக்கக் கேட்கிறது என்று நினைத்திருந்தேன். முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டது. மூன்றாம் மாதம் நான்கைந்து. உங்களுக்கு நான் தரக்கூடிய உருப்படியான மருந்து இதுதான்: கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஐந்து நிமிடத்தைக் கடந்துவிடுங்கள். நாளையைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டாம்.

இரண்டாம் மாதம் பசி எடுத்தது. குழம்பின் வாசனை தெருமுனையிலேயே தெரிந்தது. என் சட்டையில் இவ்வளவு எண்ணெய் நாற்றம் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் மாதம் காயம் மூடியது. நீலமாக இருந்த விரல் தோல் உரிந்து பழைய நிறத்துக்கு வந்தது. முன்பு மூன்றாவது கரண்டுக் கம்பத்தில் கெண்டைக்கால் பிடிக்கும். ஆறாம் மாதம் பதினான்காவது கம்பம்வரை போனேன். இன்றும் ஓர் எல்லைக்கு மேல் பிடிக்கத்தான் செய்கிறது. அடைத்த குழாய் திறக்காது. பக்கத்தில் சின்னக் குழாய்கள் வழி செய்துகொள்கின்றன, அவ்வளவுதான். பிடித்தால் நிற்கிறேன். சும்மா நிற்பது எப்படி என்று நாற்பது வயதில் கற்றேன்.

கால் தங்கியது என்று உறுதியானபோது கன்னியம்மா மாங்காட்டு அம்மன் உண்டியலில் வெள்ளியில் செய்த கால் ஒன்றைப் போட்டாள். ஊரெல்லாம் அம்மன் கொடுத்த கால் என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் மாணவர்கள் பத்துப் பேரைக் கூட்டி என் காலைக் காட்டி, "வெட்ட வேண்டிய கால், வைத்தியத்தால நின்னுச்சு" என்றார். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"சார், என் ஆஸ்பத்திரி சீட்டுல இன்னா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

மருந்தின் பெயர்களை வாசித்தார். ஆபரேஷன் செய்ததை வாசித்தார்.

"நான் வுட்டத எழுதலியே."

அவர் சிரித்தார். "அது உங்க கடமைதானேய்யா?"

"கடமைதான். செஞ்சவன் பேர எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, நான் படிக்கணும்."

மாணவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. டாக்டர் பேனாவை எடுத்துச் சீட்டின் அடியில் 'நோயாளி பீடியை விட்டார்' என்று எழுதினார். அவர் கிறுக்கலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நோயாளி என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். போட்டார்.

அம்மனுக்கும் டாக்டருக்கும் நான் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து ஐந்து நிமிடங்களில் உலைக்கு முன்னால் அவர்கள் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். இதைப் படித்துவிட்டு இந்தக் காலைப் பற்றி யாரிடமாவது பேசினால், அம்மனோடும் டாக்டரோடும் பீடியை விட்ட என்னையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்கள் விட்டால், நீங்களும் உங்கள் பெயரை எழுதச் சொல்லி அங்கேயே உட்காருங்கள். எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.