ஐந்து என்றார், எட்டு என்றேன்

அந்தச் சைக்கிளுக்குச் சில்லே இல்லை. வெள்ளவத்தை நெஞ்சு கிளினிக்கின் மூலையில், ஜன்னலைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நிற்கும். சேலைக்குள் என்னுடைய நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் அதில் ஏறிய சின்னம்மா, "இதிலை யாழ்ப்பாணம் மட்டுக்கும் மிதிச்சாலும் இறங்கேக்கை வெள்ளவத்தைதான், என்ன?" என்றார். அன்று நன்றாகச் சிரித்தோம் என்பது நினைவிருக்கிறது. சிரிப்பு எப்படி இருந்தது என்பதுதான் நினைவில் இல்லை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. சுருட்டோ பீடியோ தொட்டவரில்லை. ஊரில் இருந்த காலமெல்லாம் விறகடுப்பை ஊதி ஊதியே நெஞ்சு பழுதாகிப்போனது என்று டொக்டர் சொன்னார். கொழும்புக்கு வந்து இருபது வருஷமாக என்னோடுதான் இருந்தார். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் மெல்ல மெல்ல இறங்கிவிடுவார். ஏறுவதுதான் முடியாது. கீழே கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவும் அவருடைய தம்பியும் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு வருவார்கள். தங்கமான மனிதர்கள். ஆனால் மூன்று மாடியும் சின்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டே வருவார். அந்தப் படியைத் தன் காலால் ஏறவேண்டும், அவருடைய ஆசை அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த வயதில் சைக்கிள் மிதிக்கச் சம்மதித்தார்.

ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு மிதிக்கவேண்டும், ஒரு நிமிடம் மெதுவாக, பிறகு மறுபடி பலமாக. பயிற்சி கொடுத்தது ஒரு சிங்களப் பெண். மூச்சு வாங்கட்டும், பயப்படவேண்டாம், காலுக்குப் பலம் வந்தால்தான் அதே மூச்சில் அதிக தூரம் போகலாம் என்று முதல் நாளே விளங்கப்படுத்தினாள். ஒவ்வொரு நிமிட முடிவிலும், மூச்சு வாங்குவது பத்துக்கு எத்தனை என்று சிங்களத்தில் கேட்பாள். ஐந்து என்றால் சைக்கிளை இன்னும் இறுக்குவாள். எட்டு என்றால் தளர்த்துவாள். சின்னம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்பதால் நடுவில் நான்.

"ஐஞ்சு, பிள்ளை" என்பார் சின்னம்மா. நான் அந்தப் பெண்ணிடம் "அட்ட" என்பேன். எட்டு.

டொக்டரிடம் நோய் வருத்தத்தை ஒரு பங்கு கூட்டிச் சொன்னால்தான் கவனிப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அதோடு, மூச்சு வாங்குகிறவரைப் பிடித்து இருத்திவைத்தே பழகிய எனக்கு அந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அவள் தளர்த்துவாள். சின்னம்மா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மிதிப்பார். இரண்டு மாதம் இப்படியே போனது.

கடைசி நாள், முதல் நாள் செய்ததுபோலவே சின்னம்மாவை ஆறு நிமிடம் நடக்கவைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் நடந்த தூரத்தைவிட நாலைந்து அடிதான் கூட. இவருக்கு இதற்கு மேல் ஏலாது போலிருக்கிறது என்று அந்தப் பெண் வருத்தப்பட்டுச் சொன்னாள். அடுத்த ஆளுக்கு இடம் கொடுக்கவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து சின்னம்மா படியில் ஏறிப் பார்த்தார். முதல் திருப்பத்திலேயே கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நானா கதிரையோடு வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை. நான் சொன்ன எட்டு என்ன செய்திருக்கிறது என்பது எனக்கு அந்தப் படியில் வைத்தே விளங்கிவிட்டது. யாரிடமும் நான் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு பின்னேரம், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மாவே கதையை எடுத்தார்.

"நீ எட்டெண்டு சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினது, பிள்ளை. இவ்வளவு காலமா மீன்காரனோடை பேரம் பேசுறன். பஹ எண்டா ஐஞ்சு, அட்ட எண்டா எட்டு, அது தெரியாதே?"

"அப்ப ஏன் சின்னம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"நான் நல்லா நடந்து நெடுக வெளியிலை வெளிக்கிட்டா உனக்குத்தானே கரைச்சல். நான் இப்பிடியே வீட்டோடை இருந்தாப் போதுமெண்டு நீ நினைக்கிறாயாக்கும் எண்டு விட்டிட்டன்."

கோபத்தில் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். பயத்தில்தான் கூட்டிச் சொன்னேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. "குடியுங்கோ, ஆறப்போகுது" என்றேன்.

அடுத்த மாரி மழையில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயே போய்விட்டார். செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. பார்க்கவேண்டிய கடமையெல்லாம் குறைவில்லாமல் பார்த்தாய் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைப் புகழுகிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் வேலையிடத்தில் நேரத்தோடு வர அனுமதி கேட்டு, ஓடிவந்து, அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவேண்டும். இப்போது அவசரமில்லாமல் ஆறுதலாக வருகிறேன், குளிக்கிறேன், படுக்கிறேன். வசதியாக இருக்கிறது. அந்த வசதியை அவர் உயிரோடு இருந்தபோதே நான் ஒருநாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.