நன்றிக்கு உயர்ந்த கை

எங்கள் யூட்டா கிறிஸ்தவ சபையில் ஒருவரைப் பொறுப்பிலிருந்து இறக்கும்போது திட்டமாட்டார்கள். நன்றி சொல்வார்கள். அதைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெர்லா ஓல்சன் ஞாயிறுதோறும் சபைப் பெண்களுக்குப் பாடம் எடுத்தவள். மற்ற நாட்களில் சபையின் ஆரம்ப கால வரலாற்றை, அந்த நாளைய பலதார மணங்களை ஆராய்ந்தாள். ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதல் சாப்பாடு அவள் அடுப்பிலிருந்துதான் போகும்.

பக்கத்து வீட்டு நெடா, தானாகத்தான் அவளிடம் வந்து கேட்டாள். "எங்க கொள்ளுத்தாத்தா ரெண்டாவது கட்டுனது மூத்தவளுக்குத் தெரிஞ்சுதானா? பாத்துச் சொல்லேன்டி."

வெர்லா தேடிப் பார்த்துச் சொன்னாள். "இல்லடி. அவகிட்ட மறைச்சுத்தான் கட்டியிருக்கார்."

"அப்புறம் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது மட்டும் எங்கயும் கிடைக்கல."

நெடா அழுதாள். வெர்லா வைத்த சீஸ் உருளைக்கிழங்கை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். பிறகு நேரே பிஷப்பிடம் போய், வெர்லா முன்னோர்கள் மேல் சேற்றை வாரி இறைக்கிறாள் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பிஷப் மேடையில் எழுந்தார். "சிஸ்டர் ஓல்சனைப் பாடம் எடுக்கற பொறுப்புலேர்ந்து விடுவிக்கிறோம். நன்றி சொல்ல விரும்புறவங்க வலது கையைத் தூக்குங்க."

வெர்லாவிடம் முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. முதலில் எழுந்த கை நெடாவுடையது.

வாசலில் நெடா அவள் தோளைத் தொட்டாள். "தப்பா எடுத்துக்காதடி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

வெர்லா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"மூத்தவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டியே, நெடா. இப்படித்தான் தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு அப்புறம்."