சோதனைக்கூடத்துக் காற்புள்ளி

தொண்ணூறுகளின் கடைசியில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு, பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். நூலின் தரத்தை அளக்கும் எந்திரம் ஜெர்மனியிலிருந்து எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்திருந்தது. கூடவே ஒரு கம்ப்யூட்டரும். பொருத்திக் கொடுத்த பொறியாளர் வைத்துவிட்டுப் போன எதையும் மாற்றக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. திரையில் வந்ததெல்லாம் ஜெர்மன். எந்தச் சொல்லுக்கு எந்தப் பொத்தான் என்று மனப்பாடம் செய்துகொண்டோம்.

நூல் தேறியதா இல்லையா என்று சொல்லும் மென்பொருளை எழுதியவர் எங்கள் புரோகிராமர், துடியலூரிலிருந்து பஸ் மாறி வரும் பெண். அலுவலகக் கம்ப்யூட்டரில் அது சரியாக ஓடியது. அதே மூல நிரலைச் சோதனைக்கூடத்து ஜெர்மன் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்தார், அதாவது அது ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றினார். பிழை ஒன்றும் காட்டவில்லை. ஆனால் வந்த அறிக்கை ஒவ்வொன்றும் நூல் மோசம் என்றது.

முதலாளி நூலுக்குப் பொறுப்பான ஸ்பின்னிங் மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தார். மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டார். அவரை நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர், "ஏனுங்க மேஸ்திரி, கம்ப்யூட்டருக்கு ஒரு கும்புடு போட்டுப் பாருங்க, பாஸ் போட்டாலும் போடும்" என்றார். மேஸ்திரி பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடினார்.

புரோகிராமர் தான் எழுதிய வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. கடைசியில், கம்பைல் ஆகும்போது கம்ப்யூட்டர் தானாக எழுதிக்கொள்ளும் ஒரு கோப்பைத் திறந்தார். நூலுக்கான வரம்பு எண்களின் பட்டியல் அது. ஜெர்மன் வழக்கப்படி தசமப் புள்ளி இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் காற்புள்ளி விழுந்திருந்தது. கம்பைலருக்குக் காற்புள்ளி என்றால் அடுத்த எண். 1.25 என்பது 1, 25 என இரண்டாகி, பட்டியல் முழுக்க இடம் மாறியிருந்தது.

கம்பைல் செய்யும் வேலைக்கு மட்டும் ஜெர்மன் வழக்கம் வேண்டாம் என்று கட்டளையின் முன்னால் ஒரு சொல் சேர்த்தார். பழைய மாதிரிகளை மறுபடி சோதித்தோம். எல்லாம் தேறின.

புரோகிராமர் அறிக்கைகளோடு முதலாளியிடம் போய், "நூல்ல தப்பில்லீங்க. நா எழுதுன புரோகிராம்லதானுங்க தப்பு" என்றார்.

"ஜெர்மன்காரன் வெச்சதத் தொட்டுட்டியா கண்ணு?"

"தொடலீங்க. தொடாம உட்டதாலதானுங்க இப்படி ஆச்சு."

முதலாளி மேஸ்திரியை வரவழைத்து, வேலையைப் பார்க்கச் சொன்னார். "நூல் அன்னைக்கும் இதேதானுங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வெளியே வந்தார். அதற்குள் அவர் உடுமலைப்பேட்டையில் வேறொரு மில்லில் வேலைக்கு வருவதாகச் சொல்லிவைத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்ற முடியாது என்று அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.