வாத்தியார் கூப்பிட்ட விருந்து

கஞ்சி போட்ட சட்டை மொடமொடக்க உள்ளே வந்த வாத்தியார் உட்காரக்கூட இல்லை. "வர்ற வியாழக்கிழமை ஒருத்தர் விடாம நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாரீக. பாயசமே ரெண்டு தினுசு!" என்றார். நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். ஐயோ, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

எழுபதுகளில், காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் சனிக்கிழமைதோறும் கூடுவோம். கொஞ்ச நாள் கால் தரையில் பாவாத உற்சாகம், கொஞ்ச நாள் எழுந்திருக்கவே மனமில்லாத சோர்வு. எல்லோருக்கும் இதே நோய்தான். இன்று இருமுனைக் கோளாறு என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்று ஊரில் அதற்குக் கிறுக்கு என்று ஒரே பெயர். மதுரையிலிருந்து வரும் டாக்டரம்மா எங்களை வட்டமாக உட்காரவைத்து, அவரவர்க்கு நோய் ஏறுவதன் முதல் அடையாளத்தைச் சொல்லச் சொல்வார். ஏறுவது நமக்குத் தெரியாது, பார்க்கிற மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. ஓயாமல் பேசுவேன் என்றேன் நான். நாச்சியாபுரத்து வாத்தியார் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "நான் ஊரைக் கூட்டி விருந்துன்னு ஆரம்பிச்சா மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புடுங்க. ஒரு தடவை கையைக் கட்டி ஆஸ்பத்திரி வண்டியில ஏத்துனாக. எம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பாத்துச்சுக. இன்னொரு தடவை அது வேண்டாம்."

அப்படிச் சொன்னவர்தான் இப்போது கூப்பிடுகிறார். ஆறு பேருக்கும் தெரியும். ஆனால் கிறுக்கென்று பேரெடுத்த பிறகு எங்களை எந்த வீட்டுப் பந்திக்கு அழைத்தார்கள்? என் சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கே, "நீ வீட்டைப் பாத்துக்க" என்று என்னைக் கல்லல் வீட்டில் விட்டுப் போனார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போக ஆசையாக இருந்தது. டாக்டரம்மா வந்ததும் வாத்தியார் அமைதியாக உட்கார்ந்துகொண்டார். நாங்களும் விருந்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வியாழக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மற்றவர்களோடு போய் இறங்கினேன். வாசலில் வாத்தியார் சம்சாரம் மட்டும் நின்றார். காலையில் பள்ளிக்கூடம் கூடும் நேரத்தில், வாத்தியாரைக் கையைக் கட்டிக் காரில் ஏற்றிப் போயிருந்தார்கள். "'நம்ம சனிக்கிழமை ஆளுக சொல்லிருவாக'ன்னு தெம்பா இருந்தாகளே, ஒருத்தருக்குமா வாய் வரலை?" என்றார். அழவில்லை. "ஆக்குனது கெடக்கு. சாப்பிட்டுப் போங்க." சாப்பிட்டோம்.

இப்போது என் மருமகள், "அத்தை, ரெண்டு நாளா ரொம்பப் பேசுறீக, டாக்டரப் பாப்போம்" என்கிறாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. கத்திவிடுகிறேன். அவள் அசைவதில்லை. வாத்தியார் எங்களிடம் கேட்டது இவ்வளவுதான்.