மாத்திரை போட்ட மறுநாள்

வாடிப்போன தொட்டிச் செடி எதுவானாலும் செடிக்காரர் கைபட்டால் தளிர்த்துவிடும். நாற்றுப் பண்ணையில் அவருக்கு அப்படியொரு பேர். பிடி மண்ணை அள்ளிப் பார்ப்பார்; அதில் ஒரு புழு நெளிந்துவிட்டால் மனிதருக்கு வாயெல்லாம் பல். "இதுதான் உயிருள்ள மண்ணு" என்பார். அவருடைய மகள் மட்டும் என்ன தின்றும் தேறவில்லை. வேலை முடிந்து வந்ததும் தன் கையாலேயே பிசைந்து ஊட்டுவார், அப்படியும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் காலை கழிப்பறையிலிருந்து ஒரே அலறல். "அப்பா, வெள்ளையா, நீளமா வருதுப்பா!"

செடிக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். நேற்றுவரை வராத புழு, மாத்திரை போட்டதும் வருகிறது. விதை போட்டால்தானே முளைக்கும்? இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது! மகளை இழுத்துக்கொண்டு நேரே டீச்சரிடம் போய் நின்றார்.

"நல்லா இருந்த பிள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க டீச்சர்?"

"ஐயா, அது ரொம்ப நாளா உள்ளயே இருந்ததுங்க. பிள்ளை தின்னதையெல்லாம் அதுவும் தின்னுச்சு. மாத்திரை அதை வெளிய தள்ளியிருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ உள்ள எப்படிப் போச்சு? நானா ஊட்டிவிட்டேன்?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். நேற்றுதான் வகுப்பில் படித்த பாடம், வாய் சும்மா இருக்குமா? "மண்ணுல அதோட முட்டை கிடக்குமாம்ப்பா. கண்ணுக்கே தெரியாதாம். நகத்துல ஒட்டிக்கிட்டு சோத்தோட உள்ள போயிடுமாம். சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சாப்பிடணுமாம்."

செடிக்காரருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. அவரும் கை கழுவுகிறவர்தான். செடிக்கு ஊற்றும் வாளியில் முக்கி, தோள் துண்டில் துடைத்துக்கொள்வார். மண் எப்படி அழுக்காகும்? செடியைத் தேற்றுகிற மண் பிள்ளையைக் கெடுக்குமா? டீச்சர் இன்னும் என்னென்னவோ சொன்னார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தன் நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை நகத்தை ஒட்ட வெட்டினார். சோப்பு போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார். தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருட்டினார். மகள் வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இப்போது சுத்தமா, இல்லையா? பார்த்தால் தெரிகிற சமாச்சாரமாகவா இருக்கிறது?

"இந்தா, நீ வந்து ஊட்டு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏன், உங்க கைக்கு என்ன?"

"தெரியலையே" என்றார் செடிக்காரர்.